முதலில் கொலோன், பிறகு கை முத்தம்

அப்பா,

“நாலு புஸ்தகம் படிச்ச திமிருல வீட்டுக்கு வர்றவங்கள வாசல்ல நிறுத்துறியா?” என்று நேற்றுக் கத்தினீர்கள். ஆமாம், நிறுத்தினேன். ஹாஜெர் அத்தை இருமிக்கொண்டே வந்தார்.

இன்று பெருநாள். உங்கள் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ள உறவெல்லாம் வரும். கையை இழுத்துக்கொள்ளச் சொன்னால் கேட்க மாட்டீர்கள். முறையை மட்டும் மாற்றுங்கள். மிட்டாயோடு கொடுக்கும் கொலோனை, அந்த வாசனைத் தண்ணீரை, வாசலிலேயே அவர்கள் கையில் ஊற்றுங்கள்; அதிலிருக்கும் ஆல்கஹால் கிருமியைக் கொல்லும். உபசாரம் என்று நினைப்பார்கள். முத்தம் முடிந்ததும் உங்கள் கையிலும் ஊற்றிக்கொண்டு, பிறகு மிட்டாயைத் தொடுங்கள். இருமுகிறவர்களுக்கு முற்றத்தில் நாற்காலி போட்டிருக்கிறேன். சலாம் அங்கிருந்தே.

அத்தை பிசையும் பச்சை இறைச்சி உருண்டை வேண்டாம். “அறுபது வருஷமா தின்னேன், என்ன ஆச்சு?” என்பீர்கள். அப்போது உடம்புக்குக் காவல் இருந்தது. ரத்தக்குழாய் அழற்சிக்குப் போடும் ஊசி அந்தக் காவலைத் தூங்கவைத்திருக்கிறது. போன குளிர்காலத்தில் நுரையீரலில் கிருமி புகுந்து, நீங்கள் பிழைத்ததே பெரிது. அடுப்பில் வெந்த ஆட்டுக்கறி இருக்கிறது.

கிருமி வராமலிருக்கத் தந்த மாத்திரை தேநீர்க் கெண்டி அருகே. உடம்பு நன்றாக இருக்கும்போதும் விழுங்க வேண்டியது அது.

நான் படித்தது நிலவியல்தான். டாக்டர் சொன்னதைப் புரிந்துகொள்ள அது போதும்.

சுந்துஸ்

பி.கு: கையை முத்தமிடாமல் போய்விட்டாள் என்று அத்தையிடம் புலம்பாதீர்கள். கோபம் இருக்கிறது, ஆனால் அதற்காகப் போகவில்லை. விடிந்ததிலிருந்து எனக்குத் தொண்டை வலி, காய்ச்சல். பூட்டிக்கிடக்கும் மாமா வீட்டில் இருப்பேன்.

இதைப் படித்ததும் கையில் கொலோன் ஊற்றிக்கொள்ளுங்கள். சீட்டை நான் தொட்டிருக்கிறேன்.