குரல் கட்டையான பிறகு நீ பாடியது

இன்று காலை ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் ரயில் நிலையத்தில் பக்கத்தில் நின்றவர் இருமல் மிட்டாயின் தாளைப் பிரித்தார். உன் வாயில் எப்போதும் மணக்கும் அந்த யூகலிப்டஸ் வாசனை வந்ததுமே உன்னைத் தேடித் திரும்பினேன். நீ இறந்து சில குளிர்காலங்கள் போய்விட்டன. மனம் இன்னும் அதற்குப் பழகவில்லை.

எதிர்வீட்டுக்கு நீ குடிவந்தபோது, யாரோ நோர்வேக்காரரின் மனைவி என்றுதான் நினைத்தேன். இளவயதில் நீ பாடிய ஒரு பாட்டை ஆஸ்திரியா முழுவதும் முணுமுணுத்தது என்பதை உன் கணவர்தான் சொன்னார். அதன்பிறகு நீ எதைப் பாடினாலும் சனம் அந்தப் பாட்டையே கேட்டது. அலுத்துப்போய் அவரோடு ஒஸ்லோவுக்கு வந்தாய். அவர் பிரிந்துபோன பின்னும் இங்கேயே இருந்தாய். தொண்டையில் செய்த சத்திரசிகிச்சை உன் குரலைக் கட்டையாக்கிவிட்டது.

அப்போதுதான் வியன்னாவிலிருந்து ஒரு தொலைக்காட்சி அழைப்பு வந்தது. பழைய ஒலிப்பதிவு ஓடும், நீ வாயசைத்தால் போதும் என்றார்கள். அன்று என் குசினியில் யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டேயிருந்தாய். நாம் பேசியது நோர்வேஜிய மொழிதான்; என் நினைவில் அது எங்கள் தமிழாகவே கேட்கிறது.

"இருந்து தேத்தண்ணியைக் குடியன்."

"அந்தக் குரல் இப்ப என்னட்டை இல்லை. இல்லாததுக்கு எப்பிடிக் கைதட்டு வாங்கிறது?"

"அப்ப போகாதை."

"போகாட்டிலும் நித்திரை வராது."

போனாய். ஒலிப்பதிவு வேண்டாமென்று அவர்களோடு சண்டை பிடித்து, ஒரு பியானோவை மட்டும் வைத்துக்கொண்டு பாடினாய். நானும் என் கணவரும் வீட்டிலிருந்து பார்த்தோம். நடுவில் குரல் உடைந்தது. முன்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். நீ நிறுத்தவில்லை.

"பாவம், மனிசி இதை விட்டிருக்கலாம்," என்றார் என் கணவர். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன்.

உன் கதை முடிந்தது என்று அங்கே பத்திரிகைகள் எழுதின. நீயோ பெட்டியை இறக்கி வைக்காமலே என் கதவைத் தட்டினாய். "கேட்டனியே? அது நான்தான்."

அடுத்த மாதமே சின்னச் சின்ன ஊர்களில் உன் புதுப் பாட்டுகளைப் பாடப் புறப்பட்டாய். அப்படிப் போன ஒரு பயணத்தில்தான், பனி இறுகிய மலைப்பாதையில், கார் சறுக்கியது.

முன்பெல்லாம் பிள்ளைகளின் பள்ளியில் நடக்கும் பெற்றோர் கூட்டங்களுக்குக் கணவரைத்தான் அனுப்புவேன். என் நோர்வேஜியத்துக்கு எனக்கே வெட்கம். இப்போது நானே போகிறேன். நேற்று ஒரு வசனம் பாதியில் சிக்கிக்கொண்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை இரக்கப்பட்டு ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்க வந்தார்.

"பொறுங்கோ, நானே சொல்லுறன்," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.