அழுவதற்கு ஒரு மலை

ரோலா, ஷார்ஜா
3 ஜனவரி 2025

என் மைனர் மாமாவுக்கு,

நாகவள்ளி எழுதுவது. நான் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கும் நிலையில் நீங்கள் என்னை வைக்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் நீங்கள் பதில் போட்டதில்லை, அதனால் இப்போது எழுதுவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மாமா, உங்களுக்கு நான் இன்னும் வாய்விட்டு அழவில்லை. புருஷன் சாவுக்குப் போகக்கூட லீவு கிடைக்கவில்லை. ஊர் உங்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனதை, நான் சமைக்கும் பானுமதி அம்மா வீட்டு அடுப்படியில் நின்று போனில் பார்த்தேன். உள்ளே அவர்கள் மகன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்கக் கூடாதென்று மிக்ஸியைப் போட்டுவிட்டு அழுதேன். அன்றைக்குச் சட்னி பசையாய்ப் போயிற்று.

ரூமிலோ ஆறு பேர், நடுவில் பலகைத் தடுப்பு. மூக்கை உறிஞ்சினாலே அந்தப் பக்கத்து ஷம்சாத் அக்கா தட்டுகிறாள். "ஏ நாகு, அழுவுறதா இருந்தா வெள்ளிக்கிழமை அழு. மத்த நாளு எனக்கு டூட்டி கெடக்கு." வெள்ளிக்கிழமை உட்கார்ந்தால் அழுகை வரமாட்டேன் என்கிறது.

இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது. பானுமதி அம்மா ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோ மலை ஏறப் போகிறார். பெண்துணை இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று ஐயா பிடிவாதம். "ரொங்காய்னு ஒரு பாதை நாகு. கூட்டமே இருக்காது. நாள் பூரா நடந்தாலும் வேற ஆளப் பாக்க முடியாது" என்றார் அம்மா. அவர் வாயை மூடுமுன் "நான் வர்றேம்மா" என்றேன்.

ஆளில்லாத மலை, மாமா! போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வருகிறேன்.

உங்கள் நாகு


மலையில்
20 ஜனவரி

மாமாவுக்கு,

ஏமாந்துவிட்டேன். பாதையில் கூட்டமில்லை என்பது நிஜம். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கு வழிகாட்ட, சமைக்க, மூட்டை தூக்க என்று ஒன்பது ஆம்பளைகள் கூடவே வருகிறார்கள். பாறைக்குப் பின்னால் ஒதுங்கினாலும் ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலோடு நிற்கிறார். இங்கே பெரிய பொம்பளையை 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "போலே போலே, மாமா!" மெதுவாக நட என்று அர்த்தமாம். முதல் நாள் பூரா உங்களைத் தேடித் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

நாளைக்கு அம்மா வழிகாட்டியோடு பக்கத்துச் சரிவில் ஏறி, உயரத்துக்கு உடம்பைப் பழக்கிவிட்டு வருவார். நான் குளத்தோரக் கூடாரத்தில் இருப்பேன். அதற்குப் பிறகு இந்தப் பாதை கூட்டமுள்ள பாதையோடு சேர்ந்துவிடுமாம். அப்புறம் மறுபடி அந்தப் பலகைத் தடுப்புதான். நாளைக்கு விட்டால் எனக்குக் கிடையாது.

உங்கள் நாகு


ரோலா
29 ஜனவரி

மாமாவுக்கு,

அம்மா ஏறிப் போனதும் குளத்தோரம் உட்கார்ந்து முடியை அவிழ்த்தேன். மாரில் அடித்துக்கொண்டு எடுத்தேன் பாருங்கள்:

"இஸ்திரி போட்ட சட்டையில எடுப்பா நடந்தீகளே,
இருமலுன்னு படுத்துப்புட்டு எந்திரிக்க மறந்தீகளே!"

அவ்வளவுதான், எட்டுப் பேரும் ஓடிவந்துவிட்டார்கள். மலைநோய் கண்டு எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு கட்டி, ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் மூக்கில் ஆக்சிஜனை வைத்து அமுக்கினார். அதற்குப் பிறகு குரல் இன்னும் நன்றாக ஏறியது, மாமா.

போனில் உங்கள் படத்தைக் காட்டி, வானத்தையும் காட்டினேன். சமையல்காரர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஆக்சிஜனை எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஓர் அடி பாட, கடைசிச் சொல்லை அவர் பிடித்துக்கொண்டார். எட்டுப் பேர் சேர்ந்து "மறந்தீகளே" என்று பாடியது மலையைச் சுற்றி வந்தது. மூட்டை தூக்கும் ஒருவர் தன் அம்மாவை நினைத்துத் தேம்பினார். அந்த அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு அடி பாடினேன்.

முடிந்ததும் டீயும் சோளப்பொரியும் கொடுத்தார்கள். பிறகு அவர்கள் முறைக்குக் கைதட்டி ஒரு பாட்டெடுத்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. அம்மா திரும்பி வந்தபோது நான் தலைவிரி கோலமாக ஆடிக்கொண்டிருந்தேன்.

"நாகு, தலை கிலை சுத்துதா?"

"இல்லம்மா. எங்க வீட்டுக்காரருக்கு அழுதுக்கிட்டிருக்கேன்."

ஷம்சாத் அக்காவிடம் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "புருசனுக்கு அழப் போயி ஆடிட்டு வந்தவ நீ ஒருத்திதான்டி."

உங்கள் நாகு

கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து அழுதும் பார்த்தேன், ஆடிச் சிரித்தும் பார்த்தேன். இரண்டில் எது உங்கள் காதுக்கு எட்டியது, மாமா?