பேசிப் பார்க்காத ரேடியோ

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது?

கம்பெனியில் ராணுவ ரேடியோவில் மென்பொருள் ஏற்றும் மேசைக்கு என்னை மாற்றிவிட்டார்கள். பெட்டிகள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான். எந்த அலைவரிசையில், எந்த ரகசிய முறையில் பேச வேண்டும் என்பதை உள்ளே ஏற்றும் மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. பழையது இருந்துவிட்டால், பக்கத்து ரேடியோவுக்குக்கூட அது பேசுவது கேட்காது. அதனால் ஏற்றி முடித்ததும் வாய்விட்டுப் பேசிப் பார்க்க வேண்டும். இத்தனை பேர் நடுவில் பேச எனக்குக் கூச்சம். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் போதும் என்று அனுப்பிவிட்டேன்.

நேற்று சூப்பர்வைசர் அக்கா ஒன்றை எடுத்துப் பேசினார். பதிலே வரவில்லை.

"ஏண்டி, வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? இத நம்பி ஒருத்தன் பதுங்குகுழிக்குள்ள உக்காந்திருப்பான்டி!"

பயப்படாதே, திட்டியதோடு சரி. இங்கே இருந்தவற்றை எல்லாம் சரிசெய்துவிட்டோம். முந்தின நாள் லாரியில் போனவற்றைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறாராம். அவை எங்கே போயின என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.

இப்போது கத்தியே பேசுகிறேன். நாள் முழுக்க நான் பேசுவது அந்தப் பெட்டியோடு மட்டும்தான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. எல்லையிலிருந்து அண்ணன் போன் செய்தால், புது ரேடியோ வந்ததா என்று கேள். வந்திருந்தால், வெளியே கிளம்பும் முன் ஒரு தடவை பேசிப் பார்க்கச் சொல். விளக்கை நம்ப வேண்டாம். நான் சொன்னதாகச் சொல்லாதே.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. அவன் போன் செய்யாவிட்டாலும் எனக்கு எழுது.

உன் மகள்