மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினேன்

2024 மே 13, திங்கள்

காலையில் பால் வாங்கப் போனேன். தெருப் பையன்கள் என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, மறு கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டிச் சிரித்தார்கள். திண்டுக்கல் பேகம்பூர் முழுக்கப் பரவிவிட்டது.

நேற்று பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டி. எங்கள் ஊர் கிளப்பும் வேடசந்தூர் மில் அணியும். நான் நடுவர். ஊர் கிளப்பின் கோச் என் அண்ணன் மன்சூர். அண்ணன் டீமுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வேறு ஆள் இல்லை என்றார்கள் கூடைப்பந்து சங்கத்தில்.

கடைசி நொடிகள். கிளப் இரண்டு புள்ளி பின்னால். வேடசந்தூர் கேப்டன் ஏஞ்சலின் பந்தோடு ஓடுகிறாள். எங்கள் பவித்ரா பின்னாலிருந்து பனியனைப் பிடித்து இழுத்தாள். கடிகாரத்தை நிறுத்த ஃபவுல் செய்வது எல்லா ஊரிலும் உண்டு. பந்தைத் தட்டப் போய்க் கையில் பட்டால் அது சாதாரண ஃபவுல். இவள் பந்தைப் பார்க்கக்கூட இல்லையே! ஊதி, மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினேன். வேண்டுமென்றே செய்த ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. மேட்ச் போச்சு.

அம்மா, "கூடப்பொறந்தவன் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி" என்றார். அண்ணன் நான் வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து போனான். போகட்டும்.

மே 16, வியாழன்

சங்கச் செயலாளர் பெருமாள்சாமி சார் கூப்பிட்டு அனுப்பினார். "கடைசி நிமிஷத்துல பாத்தும் பாக்காம இருக்கணும்மா. தெரியாம ஊதிட்டேன்னு கிளப் பிள்ளைககிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. இல்லேன்னா இனி உனக்கு மேட்ச் கெடையாது."

"தெரிஞ்சுதான் சார் ஊதுனேன்."

முதல் நிமிடத்தில் தப்பாக இருப்பது கடைசி நிமிடத்தில் எப்படிச் சரியாகும்?

மே 17

அழுதேன். விசில் இல்லாமல் நான் என்ன செய்வேன்? அண்ணன் டீம் என்பதால் கூடுதலாகக் கறார் காட்டினேனா? திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். இல்லை. பனியனைத்தான் பிடிச்சா. சொல்ல மாட்டேன். என்ன ஆனாலும் சொல்ல மாட்டேன்.

ஜூன் 9

எங்கள் தோல் பொருள் கடைக்கு பெல்ட் வாங்க வந்தவர், "நீங்கதான அந்த..." என்று மணிக்கட்டைப் பிடித்தார். ஆமா, நான்தான். இடுப்பளவு சொல்லுங்க என்றேன். ஒரே கடையில் அண்ணனும் நானும். பேச்சில்லை.

ஆகஸ்ட் 4

தொப்பம்பட்டியில் சின்னப் பிள்ளைகளின் மேட்ச். சங்கத்துக்குத் தெரியாமல் பி.டி. டீச்சர் கூப்பிட்டார். "ஏனுங்க, திண்டுக்கல்லுல இருந்து இதுக்காகவா வந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். இதுக்குத்தான். கடைசி நிமிடத்திலும் ஊதினேன்.

2025 ஜனவரி 6, திங்கள்

பெருமாள்சாமி சார் போன். பொங்கல் போட்டிக்கு, "இஃப்பத் அக்கா ஊதுனாத்தான் வாரோம்" என்று ஏஞ்சலின் அடித்துச் சொல்லிவிட்டாளாம். மன்னிப்புப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

அண்ணன், "வேடசந்தூருக்கு நீதான் ஆளோ?" என்றான். இத்தனை மாதம் கழித்து இவன் பேசிய முதல் பேச்சைப் பாரேன்!

ஜனவரி 19, ஞாயிறு

அதே இரண்டு அணிகள். கடைசி நொடிகள். இந்த முறை கிளப் ஒரு புள்ளி முன்னால், பந்து பவித்ரா கையில். ஏஞ்சலின் பாய்ந்து தட்டினாள். பந்தோடு கையிலும் பட்டு பவித்ரா விழுந்தாள். ஊதினேன்.

அண்ணன் பெஞ்சிலிருந்து குதித்து எழுந்தான். தலைக்கு மேலே தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "காட்டு இஃப்பத்! இப்பக் காட்டு!" என்று கத்தினான். கூட்டமே எழுந்து மணிக்கட்டைப் பிடித்தது. ஏலே, இம்புட்டு நாளும் இதைக் காட்டித்தானே என்னைக் கேலி பண்ணீங்க!

காட்டவில்லை. அவள் பந்துக்குத்தான் வந்தாள். சாதாரண ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோ மட்டும். இரண்டையும் பவித்ரா தவறவிட்டாள். வேடசந்தூர் பந்தை எடுத்துப் போய்க் கூடையில் போட்டது. கிளப் மறுபடி தோற்றது.

வெளியே அப்துல் சுக்கூர் அண்ணன் டீக்கடையில் மன்சூர் நின்றிருந்தான். நான் தள்ளி நின்றேன். சுக்கூர் அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "என்ன மன்சூரு, தங்கச்சி வேடசந்தூர் பக்கம் சாஞ்சிருச்சா?" என்றார்.

மன்சூர் கிளாஸைக் கீழே வைத்தான். "பந்துக்குத்தான்ணே அந்தப் பிள்ளை போனா. நானே பாத்தேன்."

பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இவளுக்கு ஒரு டீ. சீனி கூடப் போடுங்க" என்றான்.

குடித்து முடித்ததும் பைக்கை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். ஏறிக்கொண்டேன்.