அக்கா வீடும் தங்கை வீடும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முதுகுவலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். நீ பயப்படாமல் படிக்க வேண்டும். எனக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் பள்ளியில் தினமும் காலைக் கூட்டத்தில் ஒருத்தி ஓர் ஆங்கிலச் சொல் பிறந்த கதையைச் சொல்வாள். நாளை என் பக்கத்துக் கட்டில் தோழி குருவியின் முறை. அவள் எடுத்த சொல் 'ஹாஸ்பிட்டல்'. விருந்தாளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். நாங்கள் தங்கியிருக்கும் 'ஹாஸ்டல்' என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். அகராதியில் அதைக் கண்டுபிடித்ததும் இருவரும் குதித்தோம்; ஹாஸ்டல் அக்கா, ஹாஸ்பிட்டல் தங்கை என்று சொல்லிக்கொண்டோம்.

இன்று மத்தியானம் அவளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நான் அழுதுவிட்டேன்.

"ஏன்டி அழறே? அக்கா வீட்டுலேருந்து தங்கச்சி வீட்டுக்கு விருந்துக்குப் போறேன். என் முறையை யாருக்கும் குடுத்துடாதே" என்று சிரித்தாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

சற்றுமுன் வார்டன் வந்து, "நாளைக்கு அவளுக்குப் பதிலா நீயே பேசிடும்மா" என்றார்.

"அவளே வந்து பேசுவா, மேடம்" என்றேன். அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். இதற்குமுன் அவர் அப்படித் தடவியதே இல்லை, அம்மா.

ஒரு போர்வை அனுப்ப முடியுமா? என்னுடையதை அவளுக்குப் போர்த்திவிட்டேன். அவள் கட்டிலை உதறி விரித்து வைத்திருக்கிறேன். விருந்துக்குப் போனவள் வீடு திரும்பத்தானே வேண்டும்?

விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உன் மகள்