உங்கள் அலுமாரியை உடைத்தது நான்தான்

என் ஆசை அண்ணைக்கு,

அலுமாரியை உடைத்தது நான்தான். ஊரில் மூன்று விதமாகக் கதைக்கிறார்கள். கள்ளன் வந்தானாம், கறையான் அரித்ததாம், பட்டணம் போய் வந்ததில் எனக்குத் தலை சுழன்றுவிட்டதாம். மூன்றாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வேறு யாரும் உங்களிடம் கோள் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நீங்கள். பள்ளிக்கூட நூலகத்தைப் பார்க்க ஒருவன் வேண்டும், அவன் சென்னைப் பட்டணத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்று வரவேண்டும் என்று பேச்சு வந்தபோது, என்னை ஒரு வார்த்தை கேளாமல் என் பெயரில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் யார்? அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நீங்கள். உங்கள் சொல்லைத் தலைமையாசிரியர் தட்டமாட்டார். நான் தெல்லிப்பழையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, அலையில் குடல் புரண்டு தனுஷ்கோடி வரைக்கும் சத்தி எடுத்துக்கொண்டு போனேன்.

பட்டணத்தில் நான் வாய் திறந்தால் மலையாளமா என்று கேட்டார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று மாதமும் கேட்டார்கள். எங்களுக்குப் படிப்பித்தவர் முதல் நாளே ஒரு கட்டுப் புத்தகத்தை மேசையில் கொட்டி, எது எதனோடு சேரும் என்று கேட்டார். அதில் புகையிலையைப் பற்றியும் ஒன்று கிடந்தது. நான் பயிர்ச்செய்கை என்றேன். ஒருவர் வியாபாரம் என்றார். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கெட்ட பழக்கம் என்றார். எங்கள் ஐயா புகையிலைத் தோட்டத்தில் துலா மிதித்து இறைத்த தண்ணீரையெல்லாம் நினைத்து எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

அங்கே படித்ததன் சாரம் சின்னது. புத்தகம் எதைப் பற்றியதோ அதன் இனத்தோடு நிற்கவேண்டும். வாசிக்க வருகிறவர் தானே கையால் எடுத்துப் பார்க்கவேண்டும். இதை உங்களுக்கு எட்டுப் பக்கத்தில் எழுதினேன். நீங்கள் நாலு வரி பதில் போட்டீர்கள். இலேசான காய்ச்சல், பயப்பட ஒன்றுமில்லை, படிப்பை முடித்துக்கொண்டு வா என்று. அதற்கு அடுத்து வந்தது தந்தி. திரும்பி வரும் வழியில் மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனைக்காக மறித்து வைத்தார்கள். நான் வீடு வந்து சேர, உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோய் எட்டாம் நாள் செலவும் முடிந்திருந்தது. நெருப்புக்காய்ச்சலுக்கு இலேசான காய்ச்சல் என்றும் ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது, அண்ணை. ஏன் அப்படி எழுதினீர்கள்?

சரி, நூலகத்துக்கு வருகிறேன். எங்கள் நூலகம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கோயில் திருவிழாவைப் போல எல்லாம் உபயம். தகப்பன் செத்தால் மகன் ஒரு அலுமாரி வாங்கி, நெற்றியில் தகப்பன் பெயரை எழுதி, அவர் வைத்திருந்த புத்தகங்களை அடுக்கிப் பூட்டிக் கொடுப்பான். பூட்டின் திறப்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான். பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் வைத்தியம், அதற்குப் பக்கத்தில் இங்கிலீசு அகராதி. பதினொரு அலுமாரி, பதினொரு செத்தவர்கள், என் கையில் ஒரு திறப்பும் இல்லை. மூன்று மாதம் படித்துவிட்டு வந்து நான் கண்ணாடிக்கு வெளியே நின்று தூசு துடைத்தேன். தலைமையாசிரியரிடம் முறையிட்டால், "உபயகாரரின்ரை மனம் நோகப்படாது, தம்பி" என்பார். அவ்வளவுதான், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்துவிடுவார்.

பன்னிரண்டாவது அலுமாரி உங்களுடையது, மகனுக்குத் தகப்பன் செய்த உபயம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் ஐயா உங்கள் புத்தகம் முழுவதையும் வண்டியில் ஏற்றினார். நானும் சேர்ந்துதான் ஏற்றினேன். உங்கள் மனைவி உள்ளறையில் இருந்தார். மச்சாளை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று ஐயாவுக்குத்தான் தோன்றவில்லை என்றால் எனக்கும் தோன்றவில்லை. இதற்கு என்னை எவ்வளவு திட்டினாலும் தகும்.

ஒரு மாதம் கழித்து மச்சாள் கிணற்றடியில் வைத்துக் கேட்டார்.

"தம்பி, அந்தச் சிவப்பு மட்டைக் கணக்குப் புத்தகத்தை ஒருக்காக் கொண்டுவந்து தாருமன். வாத்தியார்ப் பயிற்சிக்குப் போறதுக்குச் சோதினை எழுதவேணும். அவர் அதிலை பாதி மட்டும் எனக்குச் சொல்லித் தந்தவர்."

அண்ணை, நீங்கள் அவருக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். ஐயாவுக்கும் தெரியாது. ஐயாவிடம் போய்க் கேட்டேன். திறப்பைத் தரமாட்டேன் என்றார்.

"ஆண்டுத் திவசம் முடியமுன்னம் அவள் படலை தாண்டக் கூடாது. உதுக்குள்ளை என்ன சோதினை? புத்தகம் அவன்ரை பேரிலை இருக்கட்டும்."

சோதினை திவசத்துக்கு முன்னால் வருகிறது. அதைத் தவறவிட்டால் மச்சாளுக்கு வயது தாண்டிவிடும், பிறகு ஆயுள் முழுக்க எங்கள் அடுப்படிதான். இதை ஐயாவுக்கு ஆறு தரம் சொன்னேன். ஆறு தரமும் மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். அந்த மாடு இப்போது பெருத்துப்போய் இருக்கிறது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலால் வந்த கையோடு ஐயா நூலகத்துக்கு வருவார். அலுமாரியைத் திறந்து உங்கள் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சால்வையால் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துப் பூட்டுவார். ஒன்றையாவது விரித்துப் பார்க்கமாட்டார். இங்கிலீசுப் புத்தகத்தில் தனக்கு என்ன இருக்கிறது என்பது அவருடைய எண்ணம். நான் நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பல்லைக் கடித்துப் பல்லே தேய்ந்துவிட்டது.

போன சனிக்கிழமை பொறுமை அறுந்தது. மற்றவர்களின் உபயத்தில் கைவைக்க எனக்கு உரிமையில்லை, எங்கள் வீட்டு அலுமாரியில் இல்லையா? பூட்டைத் தொடவில்லை. அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பலகையின் ஆணிகளைக் கழற்றினேன். உங்கள் புத்தகங்களை எடுத்து, பட்டணத்தில் படித்தபடி இனம் பிரித்து, வெளியே திறந்து கிடக்கும் பொதுத் தட்டுகளில் மற்றப் புத்தகங்களோடு கலந்து அடுக்கினேன். சிவப்பு மட்டையை மச்சாளிடம் கொடுத்தேன். அன்று முழுக்க எனக்கு நல்ல சந்தோஷம். அதையும் மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஐயா வந்தார். திறப்பைப் போட்டுத் திறந்தார். வெறும் தட்டு. பலகை கழன்ற இடத்தால் சுவர் தெரிந்தது. சத்தம் போடப் போகிறார் என்று நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரோ என்னைத் திரும்பியும் பாராமல் பொதுத் தட்டுகளுக்குப் போனார்.

பிறகு நடந்ததை நான் கண்ணால் கண்டேன், இல்லாவிட்டால் நம்பமாட்டேன். இங்கிலீசில் ஒரு எழுத்தும் தெரியாத மனிதர். தட்டுத் தட்டாகப் போய், புத்தக முதுகுகளைத் தடவித் தடவி, உங்கள் புத்தகங்களை ஒவ்வொன்றாக உருவினார். ஒன்றுகூடப் பிசகவில்லை. என் மேசையில் அடுக்கி முடித்துவிட்டு நின்றார். இனம் பிரிக்க மூன்று மாதம் படித்தேனே, இவரை ஒரு தரம் நினைத்தேனா?

"சிவத்த மட்டை ஒண்டு குறையுது" என்றார்.

"மச்சாளிட்டை இருக்குது, ஐயா."

"அவள் என்ன செய்யிறாள் அதை வைச்சு?"

"படிக்கிறா. ஓரத்திலை முழுக்க அண்ணை தமிழிலை எழுதி வைச்சிருக்கிறார், அவவுக்கு விளங்கிறதுக்கு."

"அவன் எழுதி வைச்சிருக்கிறானோ?"

"ஓம்."

"எனக்கேன் நீ சொல்லேல்லை?"

ஐயா புத்தகங்களை மேசையிலே போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். முற்றத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து, மச்சாளைக் கூப்பிட்டு, அவன் எழுதினதை வாசி பிள்ளை என்றார். மச்சாள் வாசித்தார். "இவடத்திலை அவசரப்படாதை." "இது எனக்கும் முதலிலை பிழைச்சது." "முகத்தைச் சுளியாமல் இன்னொருக்காச் செய்." உங்கள் குரல் அப்படியே, அண்ணை. ஐயா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

புத்தகத்தின் பாதியில், காலமும் வேலையும் என்ற பாடத்துக்கு மேலே, மச்சாள் நிறுத்திவிட்டார். வாசி என்றார் ஐயா. மச்சாள் என்னைப் பார்த்தார். நான் குனிந்து பார்த்தேன். பென்சில் எழுத்து கோணிக் கோணிக் கிடந்தது, காய்ச்சலில் எழுதியது. "இனித் தம்பி வந்து சொல்லித் தருவான்."

எனக்கு எழுதிய நாலு வரியில் பயப்பட ஒன்றுமில்லை. மச்சாளுக்கு எழுதியது இது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் அந்த ஒரு வரியை எனக்குப் போட்டிருந்தால் நான் கடலை நீந்தியாவது வந்திருப்பேன். கோபம் தீரவில்லை, தீரும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு மேல் ஐயா. ஏழு மாதம் பூட்டி வைத்த மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து என்ன கேட்டார் தெரியுமா?

"அண்ணன் சொல்லியிருக்கிறான். நீ ஏன் இன்னும் சொல்லிக் குடுக்கேல்லை?"

பிறகு சோதினை எங்கே நடக்கிறது என்று விசாரித்தார். அன்றைக்குத் தானே வண்டி கட்டுவதாகச் சொன்னார். திவசத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

அண்ணை, கணக்கில் இரண்டு தரம் கோட்டைவிட்டு, உங்களிடம் குட்டு வாங்கி, கடைசியில் நூலகத்துக்குத் தள்ளப்பட்டவன் நான். இது உங்களைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறீர்கள். இன்று காலை அந்தப் பாடத்தின் முதலாம் கணக்கோடு இருந்தோம். ஐயா பக்கத்தில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விடை வரவில்லை. இரண்டாம் தரமும் வரவில்லை. மூன்றாம் தரம் மச்சாளுக்கு வந்தது, அவர் எனக்குச் சொல்லித் தந்தார்.

சோதினைக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. மிச்சப் பாடம் முழுவதையும் முதல் நாள் இரவே நான் படித்துவிட்டு, அடுத்த நாள் காலையில் அவரோடு இருப்பேன். ஒன்றையும் தாண்டி விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
வந்து சேரப் பிந்திய
உங்கள் தம்பி