கத்தரிக்காய் மாடு

ஆகஸ்ட் 14, வெள்ளி இரவு

ஆடி அமாவாசைக்கு தன் அப்பாவை நினைத்து விரதம் இருக்கவில்லை என்று ஏசத்தான் ஜப்பானில் இருக்கும் மகனுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டு ஒரு வெள்ளரிக்காயைக் காட்டினான். அதற்கு நாலு குச்சிக் கால். பக்கத்தில் அதேபோல் ஒரு கத்தரிக்காய்.

"இஞ்சை இப்ப ஒபோன், அம்மா. செத்த ஆக்கள் வீட்டை வாற நாள். இது குதிரை, அப்பா கெதியா வர. மற்றது மாடு, ஆறுதலாத் திரும்பிப் போக."

"உன்ரை அப்பாவோ? சாப்பிட்ட கை காய முதல் சைக்கிளை எடுக்கிற மனுசன். மாட்டிலை ஏறுவாரோ?"

"ஏத்திப் பாப்பம்."

ஏச வந்ததே மறந்துபோனது. நாங்களும் படைக்கிறோம், காகத்துக்கு வைக்கிறோம். வந்தவர் எப்படித் திரும்பிப் போவார் என்று ஒரு நாளாவது யோசித்தோமா? அந்தச் சனம் போகிற வேகத்தைக்கூட யோசித்து வைத்திருக்கிறது. என்ன மனம்!

நாளைய கறிக்கு வைத்திருந்ததில் பெரிய கத்தரிக்காயாக எடுத்து, நாலு ஈர்க்குக் குத்தி, அவருடைய படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். குதிரை செய்யவில்லை. வர அவருக்கு வழி தெரியும். போகத்தான் எப்போதும் அவசரம்.